நாய்க்குட்டிக்கு வீட்டுக்குள் விரிக்கும் பேட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வேளச்சேரியில் மூன்றாம் மாடி ஃபிளாட். பத்து வார ஷிட்ஸு பெண் குட்டி. தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை வீட்டுக்குள்ளேயே சிறுநீர், மலம் கழிக்க விரிக்கும் பேட் தேடினால், ஆன்லைனில் 5 லேயர், 6 லேயர், கரி, லாவெண்டர் வாசனை, துவைத்துப் போடுவது என்று வரிசையாக வருகின்றன. எதை வாங்குவது, மாதம் எவ்வளவு செலவாகும்?

முதலில் பதில், பிறகு காரணம். 60×60 செ.மீ., வெள்ளை நிறம், வாசனை சேர்க்காதது, நடுவில் ஜெல் உள்ளது. இரண்டு பிராண்டில் சிறிய பாக்கெட் ஒவ்வொன்று வாங்கி, கீழே சொல்லும் உப்புத்தண்ணீர் சோதனையைச் செய்து பாருங்கள். தேறியதை மட்டும் மொத்தமாக எடுங்கள். பாக்கெட்டின் மேல் எத்தனை லேயர், எத்தனை மி.லி. என்று போட்டிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உறிஞ்சிய ஈரம் திரும்ப மேலே வருகிறதா இல்லையா என்பதுதான் நல்ல பேடையும் மட்டமான பேடையும் பிரிக்கிறது.

5 லேயர் என்பது தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. மேலே மெல்லிய நெய்யாத துணி, அதன் கீழ் டிஷ்யூ, நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும் ஜெல் பொடியும், மறுபடி டிஷ்யூ, அடியில் பிளாஸ்டிக் ஷீட். சாதாரண பேடே இப்படித்தான் இருக்கும். 6 லேயர் என்றால் பெரும்பாலும் இன்னொரு டிஷ்யூ கூடியிருக்கும், அவ்வளவுதான். நடு அடுக்கில் பஞ்சும் ஜெல்லும் எவ்வளவு, எந்தக் கலவையில் என்பதே கேள்வி. அந்த ஜெல் சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயப்பரில் இருப்பதும் இதுவே. உப்பில்லாத சுத்தமான தண்ணீரை அது தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு இழுக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது 30 முதல் 50 மடங்கு வரை இறங்கிவிடும். வெறும் தண்ணீரை ஊற்றிக் காட்டும் விளம்பர வீடியோவை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பஞ்சு மட்டும் இருந்தால் ஈரத்தைப் பிடிக்கும், ஆனால் மேலே காலை வைத்ததும் பிழிந்து விட்டுவிடும். குட்டி அதை மிதித்துக்கொண்டு ஹால் முழுக்கச் சுவடு பதிக்கும். ஜெல் ஈரத்தைப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் விடாது. அதற்காக ஜெல் கூடக் கூட நல்லது என்று எண்ண வேண்டாம். பஞ்சு குறைந்து ஜெல் மிகுந்த பேடில், முதலில் நனையும் ஜெல் உடனே உப்பி மேலே ஒரு தடுப்புப் போல் நின்றுவிடும். அடுத்து வருவது உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு ஓடும். பஞ்சு பரப்ப வேண்டும், ஜெல் பூட்ட வேண்டும், இரண்டும் தேவை. மேலே வைர வடிவில் அழுத்தித் தைத்தது போன்ற கோடுகள் இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. ஈரம் அந்தக் கோடு வழியே பரவும், பஞ்சும் ஒரு பக்கமாகச் சரியாது.

உங்கள் குட்டிக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? ஆரோக்கியமான நாய் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மி.லி. சிறுநீர் கழிக்கும். குட்டிகள் இதைவிடச் சற்று அதிகமாகப் போகலாம். இரண்டு கிலோ குட்டிக்கு முழு நாளுக்கும் சேர்த்தே ஒரு டீ கிளாஸ் அளவுக்குள்தான் வரும், அதுவும் பத்துப் பன்னிரண்டு தடவையாகப் பிரிந்து. ஆகவே ‘ஒரு லிட்டர் தாங்கும்’ என்ற பேடுக்கு நீங்கள் கூடுதல் காசு கொடுப்பது வீண். 30 கிலோ லாப்ரடார் என்றால் கணக்கு வேறு: நாளைக்கு 600 முதல் 1,200 மி.லி., காலையில் முதல் தடவை மட்டுமே கால் லிட்டரைத் தாண்டலாம். அங்கே கொள்ளளவும் வேகமும் முக்கியம். குட்டிக்கு முக்கியம் காய்ந்த மேற்பரப்பும் போதுமான இடமும்.

இடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாய் உட்காருவதற்கு முன் மோந்து பார்த்துச் சுற்றும். முன்னங்கால் பேடில் இருந்தால் தான் சரியான இடத்தில் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும், பின்பக்கம் தரையில் இருக்கும். குட்டி தவறு செய்கிறது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பேட் சிறியதாக இருப்பதுதான். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, பேடின் ஒரு பக்கம் அதைவிட நன்றாகப் பெரிதாக இருக்கும்படி பாருங்கள். 33×45 அளவைத் தவிர்த்துவிடுங்கள். 45×60 இப்போது போதும், இரண்டு மாதத்தில் போதாது. ஷிட்ஸு, பக், பொமரேனியன் இவற்றுக்கு 60×60, பீகிளுக்கு 60×90. லாப்ரடார், சிப்பிப்பாறை போன்றவற்றுக்கு இரண்டு 60×90 பேடை ஐந்து செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்க வேண்டும், ஒட்டி வைத்தால் இடுக்கில் வழியும். இன்னொன்று: அட்டையில் எழுதியிருக்கும் அளவு பிளாஸ்டிக் விளிம்பையும் சேர்த்தது. விலை குறைந்த பேடில் உறிஞ்சாத விளிம்பே நான்கு பக்கமும் மூன்று நான்கு செ.மீ. இருக்கும். பஞ்சு உள்ள பகுதியை அளந்து பாருங்கள்.

இனி சோதனை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பேடை வையுங்கள். 50 மி.லி. அளந்து, அரை அடிக்கும் குறைவான உயரத்திலிருந்து ஒரே இடத்தில் ஐந்து நொடிக்குள் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் அரை நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து நான்காக மடித்த டிஷ்யூவை அந்த இடத்தில் வைத்து, மேலே இரண்டு கிலோ அரிசிப் பாக்கெட்டை அரை நிமிடம் வைத்து எடுங்கள். டிஷ்யூ லேசாக ஈரப்பட்டால் பரவாயில்லை, சொட்டச் சொட்ட நனைந்தால் அந்த பிராண்ட் வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டு அதே இடத்தில் இன்னொரு 50 மி.லி. ஊற்றுங்கள். மட்டமான பேட் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது தடவையில்தான், ஏனென்றால் மேல் ஜெல் ஏற்கெனவே உப்பியிருக்கும். கடைசியாக இரண்டு மூலையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்குங்கள். ஜெல் உருண்டை உருண்டையாகக் கீழே சரிந்தால் உள்ளே பஞ்சு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். ஒரு மணி நேரம் கழித்துச் செய்தித்தாளைப் பாருங்கள், அடி ஷீட்டில் பொடித் துளை இருந்தால் தெரிந்துவிடும்.

சமையலறைத் தராசு இருந்தால் காய்ந்த பேடை நிறுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. ஒரே அளவுள்ள இரண்டு பேடில் ஒன்று 25 கிராம், இன்னொன்று 40 கிராம் என்றால் வித்தியாசம் உள்ளே இருக்கும் பஞ்சிலும் ஜெல்லிலும்தான். விலையைப் பேட் எண்ணிக்கையால் வகுப்பதோடு நிறுத்தாமல், எடையையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்காக விற்கும் அண்டர்பேடும் இதே கட்டமைப்புதான். 60×90 அளவில் எளிதாகக் கிடைக்கும், தரம் பல நேரம் நாய் பேடைவிட நன்றாகவே இருக்கும். அதையும் இதே சோதனைக்கு உட்படுத்திவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாயை ஈர்க்கும் வாசனை அதில் இருக்காது. அது ஒரு குறையே இல்லை. குட்டியின் சிறுநீரைத் துடைத்த டிஷ்யூவைப் புதுப் பேடின் நடுவில் ஒற்றி எடுத்தால், எந்தக் கம்பெனியின் ஈர்ப்பு வாசனையைவிடவும் அது நன்றாக வேலை செய்யும்.

லாவெண்டர், எலுமிச்சை வாசனைகள் நம் மூக்குக்காக. பல நாய்களுக்கு எலுமிச்சை வாசனை பிடிக்காது, பேடை ஒதுக்கிப் போகும். கரி சேர்த்த கறுப்பு பேட் நாற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மை, கறையும் தெரியாது. எனக்கு அதில் இருக்கும் ஆட்சேபம் இந்தக் கறை தெரியாததுதான். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் வருடம் முழுக்க இருக்கிறது. அதில் பபீசியா என்ற வகை ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதால் சிறுநீர் சிவந்தோ காப்பி நிறத்திலோ வரும். எலிக் காய்ச்சலில் கல்லீரல் பாதிக்கப்பட்டால் அடர் மஞ்சளாக மாறும். வெள்ளை பேடில் அதை முதல் தடவையிலேயே பார்த்துவிடலாம். கறுப்பில் ஒரு நாள், இரண்டு நாள் போய்விடும், குட்டிக்கு அந்த இரண்டு நாள் பெரியது. நிறம் மாறினால் பேடையே போட்டோ எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

எங்கே விரிப்பது என்பதும் பேடின் தரம் அளவுக்கு முக்கியம். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். நம் ஊரில் ஃபேன் நிற்பதே இல்லை, பேடின் ஓரம் படபடவென்று அடிக்கும், குட்டிக்கு அது விளையாட்டுப் பொருளாகி அரை மணியில் பஞ்சு வீடு முழுக்கப் பறக்கும். அடியில் ஒட்டும் பட்டை உள்ளதை வாங்குங்கள், அல்லது நான்கு மூலையிலும் கவ்வும் பிளாஸ்டிக் ட்ரே போடுங்கள். சாப்பிடும் இடம், படுக்கும் இடம் இரண்டிலிருந்தும் ஐந்தாறு அடி தள்ளி இருக்கட்டும். பால்கனியில் நேர் வெயில் பட்டால் நாற்றம் இரண்டு மடங்கு கிளம்பும், மழைச் சாரல் பட்டால் ஜெல் முழுவதும் மழைத்தண்ணீரையே குடித்து உப்பிவிடும். பழகும்வரை வாசல் மிதியடி, குளியலறைக் கால்மிதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காலுக்கு மெத்தென்று இருக்கும் எதுவும் அதற்குப் பேட்தான்.

குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது அடக்கக்கூடிய உச்சம். உங்கள் குட்டிக்கு மூன்று மணி, மூன்றரை மணி. இரவிலும் ஒரு தடவை எழுந்துதான் ஆக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் பேடுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போய் முடித்த நொடியில் தின்பண்டம் கொடுங்கள், ஒரு நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்கு என்று அதற்குப் புரியாது. வேறு இடத்தில் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பதோ அடிப்பதோ கூடாது. அடி வாங்கிய குட்டி கற்றுக்கொள்வது உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போவதை மட்டும்தான். முதல் வாரம் மூன்று நான்கு பேடைச் சேர்த்து விரித்து, எந்த இடத்தை அது தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்து, தொடாத பேடை ஒவ்வொன்றாக எடுங்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் நாளைக்கு ஒரு சாண் மட்டும் நகர்த்துங்கள். ஹாலிலிருந்து ஒரே நாளில் பால்கனிக்குக் கொண்டு போனால் அது ஹாலில் பழைய இடத்திலேயே போகும்.

ஆண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஆறு மாதத்துக்குப் பிறகு காலைத் தூக்க ஆரம்பிக்கும்போது தரைப் பேட் பயன்படாது. சுவரில் ஒன்றை ஒட்டி, அது கீழே விரித்த பேடின்மேல் சரியும்படி வையுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலுக்குப் பேடைச் சுற்றி நடுவில் நிறுத்துங்கள்.

மாற்றும் நேரம்: மலம் என்றால் உடனே. சிறுநீர் என்றால் குட்டிக்கு மூன்று நான்கு தடவைக்குள், எப்படியும் எட்டு மணி நேரத்துக்குள். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுவதுதான் அந்த நாற்றம். நம் வெக்கையில் அது வேகமாக நடக்கும். ஈரமான பேடில் நிற்கும் ஷிட்ஸுவின் பாத முடி நனைந்து, விரலிடுக்கில் ஈஸ்ட் தொற்று வந்து, நக்கி நக்கிச் சிவந்துபோகும். ஆகவே நாளைக்கு மூன்று பேட் ஆகும் என்று வையுங்கள். ஒன்று 30 ரூபாய் என்றால் மாதம் 2,700.

துவைக்கும் பேட் இந்தச் செலவைக் குறைக்கும், ஆனால் குட்டி கடித்து இழுப்பதை நிறுத்திய பிறகு வாங்குங்கள். ஆறு வேண்டும்: ஒன்று விரிப்பில், ஒன்று கையிருப்பில், மற்றவை துவைப்பிலும் கொடியிலும். ஒன்று 500 ரூபாய் என்றாலும் மொத்தம் 3,000, முதல் இரண்டு மாதத்திலேயே காசு திரும்பிவிடும். அடிப்பகுதி டிபியு (TPU, வளைந்துகொடுக்கும் ஒரு வகை பிளாஸ்டிக்) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிவிசி பூச்சு நம் வெயிலில் விறைத்து வெடிக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சாதாரண சோப்புத் தூளில் துவைக்கவும். கம்ஃபர்ட் மாதிரி ஃபேப்ரிக் கண்டிஷனர் போடவே கூடாது. அது நூலின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரில் துவைப்பவர்கள் உப்புப் படிந்து துணி விறைப்பதைப் பார்த்திருப்பார்கள். மாதம் ஒரு தடவை கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் சேர்த்தால் இளகும். காயப்போடும்போது துணிப் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தடித்த பேட் இரண்டு நாள் ஆனாலும் காயாது, அரை ஈரத்தோடு விரித்தால் புளித்த நாற்றம் வரும். அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பேடுக்குத் திரும்பிவிடுங்கள்.

பேடைத் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று பலரும் பயப்படுகிறார்கள். ஜெல் கொடிய விஷமல்ல. ஆபத்து அது வயிற்றுக்குள் உப்புவதும், பிளாஸ்டிக் ஷீட் குடலில் சிக்குவதும். வாயிலிருப்பதை எடுத்துவிட்டு, எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று மீதிப் பேடை விரித்துப் பாருங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உள்ளங்கை அளவு போயிருந்தாலோ, வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது, மலம் வராதது இதில் எதுவும் தெரிந்தாலோ காத்திருக்காமல் பக்கத்து டாக்டரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள். எஞ்சிய பேடையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தரையில் போய்விட்டால் முதலில் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் டைல்ஸ் இடுக்குக்குள் இறங்கும். பிறகு என்சைம் கிளீனர் (சிறுநீரைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும், உடனே துடைத்தால் அது வேலை செய்யாது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தும் துடைக்கலாம், ஆனால் பழைய மொசைக், மார்பிள் தரையில் கூடாது, அமிலம் அரித்துப் பளபளப்புப் போய்விடும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு வரும். கறுப்பு பினாயில் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும், நாய்க்கு அது நஞ்சு. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதை மறக்காமல் சொல்லிவையுங்கள், குட்டி இருக்கும் வீட்டில் பினாயில் வாளி முதல் நாளே மாற வேண்டிய பொருள்.

பயன்படுத்திய பேட் மக்காது. மலத்தைக் கழிப்பறையில் போட்டுவிட்டு, பேடை ஈரப்பக்கம் உள்ளே வரும்படி மடித்துச் சுருட்டி, செய்தித்தாளில் கட்டி, டயப்பரைக் கொடுப்பது போலத் தனியாகக் கொடுங்கள். ஈரக் குப்பையோடு கலந்தால் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர் கையால்தான் அதைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேரும். எலிக் காய்ச்சல் சிறுநீர் வழியாகப் பரவும் நோய். பேடைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ என்ற வைரஸ் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால்தான் 16 வாரம்வரை போடும் தடுப்பூசிகள் முடியும்வரை தெரு வேண்டாம் என்கிறார்கள். அதன் பிறகு டாக்டர் சரி என்றதும், பயன்படுத்திய பேடில் ஒரு துண்டை மண் உள்ள ஓர் ஓரத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் விடுங்கள். அங்கே போக ஆரம்பித்ததும் துண்டைத் தினமும் கொஞ்சம் சிறிதாக்குங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்து வாருங்கள். வீட்டுப் பேடை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. தீபாவளி வெடிச்சத்தத்திலும் வடகிழக்குப் பருவமழையிலும் வாசலைத் தாண்ட மறுக்கும் நாய்கள் நிறைய. அந்தச் சமயத்துக்கு 30 பேட் பாக்கெட் ஒன்றை அக்டோபர் தொடக்கத்திலேயே வாங்கிவையுங்கள், பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத கவரில் போட்டு மூடுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தைத் திறந்து கிடக்கும் ஜெல் சும்மாவே இழுத்துக்கொள்ளும்.